மெக் கிளப்புக்கு இந்த வருஷம் என்ன செய்வது? பாஹா போகலாமா?

மூணாம்வருஷ_மெக் | திங்கள் இரவு 9.12

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் துறை கிளப்புக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு நான் போகாத அன்று பேரை எழுதிவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

நோட்டில் 64 பேர் இருக்கிறார்கள். போன கூட்டத்துக்கு வந்தது 11 பேர், அதில் 4 பேர் சமோசாவுக்காக வந்தவர்கள். போன வருஷம் நடந்தவை: ஒரு சிறப்புரை, ஒரு வினாடி வினா, ஐஸ் குச்சியில் பாலம் கட்டும் போட்டி, அப்புறம் ஒரு தொழிற்சாலைப் பார்வை. அந்தப் பார்வை அரை மணி நேரத்தில் முடிந்து, பஸ் நேராகக் கொடைக்கானல் போய்விட்டது.

நான்காம் வருஷ அண்ணன்கள் இந்தத் தடவை எஸ்ஏஇ பாஹா போட்டிக்கு, அதாவது மாணவர்களே வண்டி செய்து ஓட்டும் போட்டிக்கு, போயே ஆக வேண்டும் என்கிறார்கள். துறையில் ஒரு லட்சம் தருவதாகப் பேச்சு. மீதிக்கு ஸ்பான்சர் தேட வேண்டும். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. போகலாமா? போகாவிட்டால் வேறு என்ன செய்யலாம்?

---

அரியர்மன்னன் | திங்கள் இரவு 9.20

சமோசாவை நிறுத்தாதே. அந்த 4 பேரும் போய்விடுவார்கள்.

---

நாகமலை_2015 | திங்கள் இரவு 10.05

தம்பி, நான் 2014-ல் பாஹா போன அணியில் இருந்தேன். இந்தூர் பக்கத்தில் பீதம்பூர். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

போட்டியே தெரியாதவர்களுக்காக: 1976-ல் அமெரிக்காவில் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007-லிருந்து நடக்கிறது. மேடு பள்ளத்தில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியை மாணவர்களே செய்ய வேண்டும். நாங்கள் போனபோது எல்லா அணிக்கும் ஒரே இன்ஜின், 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். அதில் கை வைக்கக் கூடாது. ஆக, சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கியர் இவற்றில்தான் உன் மூளையைக் காட்ட முடியும். கடைசியில் நான்கு மணி நேர எண்டூரன்ஸ் ஓட்டம்.

எங்கள் வண்டிக்கு நாலரை லட்சம் ஆனது. மாருதி 800-ன் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுவது), அதே வண்டியின் ஸ்டியரிங் ரேக், மூன்று சக்கர லோடு வண்டியின் கியர்பாக்ஸ். அந்தக் காலத்தில் பாதி அணிகளின் வண்டி இப்படித்தான் இருக்கும். ரோல் கேஜை, அதாவது வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூட்டை, மட்டும் வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தோம். தப்பு அங்கேதான்.

ஆய்வில் ஒரு நடுவர் கேஜைச் சுற்றி வந்தார். ஒரு மூட்டைக் கையால் தடவினார். "இதை வெல்டிங் செய்தது யார்?" என்று கேட்டார். நாங்கள் 25 பேர் நிற்கிறோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குழாயின் கார்பன் அளவு என்ன என்றார். விதிப்படி குறைந்தது 0.18 சதவீதம் என்பதை ஒப்பித்தோம். சோதனைச் சான்றிதழ் எங்கே என்றார். பட்டறைக்காரரிடம் இருக்கிறது என்றோம். அவர் சிரித்த சிரிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் பிரேக் சோதனை. வேகமாக வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பின் இடது சக்கரம் உருண்டுகொண்டே போனது. ராத்திரி முழுக்க பிரேக் லைனில் காற்று எடுத்தோம். ஒருவன் பெடலை மிதிக்க, ஒருவன் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறக்க, குமிழி வர, மூட, மறுபடி மிதிக்க. பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. விடியும்போது பக்கத்து அணிப் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "காலிப்பரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள், நிப்பிள் கீழே இருந்தால் காற்று எப்படி வெளியே வரும்?" என்று இந்தியில் கேட்டான். காலிப்பர் என்பது சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம். காற்று மேலேதான் நிற்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம்.

எண்டூரன்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் போல்ட் வெட்டிக்கொண்டது. முடிந்தது.

போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் 11 பேர் வரும் கிளப் நேராகப் பாஹாவுக்குப் போனால், நான்கு பேர் வேலை செய்வார்கள், மீதிப் பேர் டி-ஷர்ட் போடுவார்கள்.

---

லேத்துப்பட்டறை | திங்கள் இரவு 10.48

அந்த போல்ட் கதையை நான் சொல்கிறேன். நாகமலைத் தம்பி, உங்கள் டை ராடை ஒரு பக்கம் மட்டும் காது (துளை போட்ட தகடு) வைத்துப் பிடித்திருப்பீர்கள். சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டுகிற மாதிரி. போல்ட் வளையவும் செய்யும், ஒரே இடத்தில் வெட்டும் படும். இரண்டு பக்கமும் காது வைத்து நடுவில் ராடைக் கொடுத்தால், அதே சுமை இரண்டு இடத்தில் பிரிந்துவிடும். கிணற்று உருளையை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தாலே தெரியும்.

கே.புதூரில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று வருவார்கள். "அண்ணே, இதைச் செய்து கொடுங்கள், வெள்ளிக்கிழமை ரிவ்யூ." படத்தைக் காட்டுவார்கள். 20 மில்லிமீட்டர் தண்டு, 20 மில்லிமீட்டர் துளை. எவ்வளவு இடைவெளி வேண்டும், இறுக்கமாகப் போக வேண்டுமா, சுழல வேண்டுமா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் பொருந்தியது என்பார்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் பொருந்தும், தம்பி.

---

பூரணி_மெக் | செவ்வாய் காலை 7.31

நானும் மதுரைதான், வேறு கல்லூரி. எங்கள் வகுப்பில் 58 பேரில் பெண்கள் 5 பேர். எங்களுக்கும் கிளப் இருக்கிறது. வேலை எல்லாம் சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் தொடங்கும். எங்கள் விடுதி 6.30-க்குக் கதவை மூடிவிடும். போய் ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போதே வார்டனம்மா போன் வந்துவிடும். கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை போஸ்டர் வரைவது, ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதுவது, விழாவில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்பது.

ஐந்து பேருக்கும் ஆர்வம் இல்லை என்று ஒருத்தன் சொன்னான். கேட்டதும் எரிந்தது. நீங்கள் பாஹா போனாலும் சரி, பட்டம் விட்டாலும் சரி, எத்தனை மணிக்கு ஷெட்டைத் திறக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

---

பொறுப்பாசிரியர் | செவ்வாய் காலை 8.50

நான் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் இருக்கிறேன், இவர்கள் கல்லூரி அல்ல. பூரணி சொன்னது எங்கள் துறையிலும் நடந்தது, எனக்கு நான்கு வருஷம் கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு கிளப் வேலையைச் சனிக்கிழமை மதியம் 1.30 முதல் 5 மணி வரை மாற்றினோம். ஒர்க்‌ஷாப் உதவியாளருக்கு அந்த நேரத்துக்கு ஈடாக வேறு நாளில் விடுப்பு கொடுத்தோம். அவரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது. சாவி அவரிடம்தானே இருக்கிறது.

மூணாம்வருஷத் தம்பி, பணம் பற்றி ஒன்று. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குச் சிறு தொகை தருகிறது. பெரிய வண்டிக்குக் காணாது. சின்ன இயந்திரம் ஒன்றுக்குத் தாராளம். வழிகாட்டி ஆசிரியர் மூலமாக, துறைத்தலைவர் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதியைத் தவற விடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற ஆராய்ச்சி.

---

ரெண்டாம்பெஞ்சு | செவ்வாய் காலை 11.15

நான் வெளிப்படையாகக் கேட்கிறேன், யாரும் திட்டாதீர்கள். கிளப்பால் என்ன லாபம்? எங்கள் சீனியரில் முக்கால்வாசிப் பேர் சாப்ட்வேருக்குப் போய்விட்டார்கள். வண்டி செய்த நேரத்தில் பைத்தான் படித்திருக்கலாம் என்று ஒரு அண்ணனே சொன்னார்.

---

கப்பலூர்க்காரன் | செவ்வாய் மதியம் 1.40

திட்டவில்லை, நியாயமான கேள்விதான். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். ஒரு பழைய பேரிங்கை மேஜையில் வைத்து, "இது ஏன் கெட்டுப்போனது?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதில் பொறித்திருக்கும் 6204 என்ற அளவு எண்ணைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருத்தன் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றி, விரலால் கிரீஸைத் தொட்டுப் பார்த்து, "மண் போயிருக்கு சார்" என்றான். அவனை எடுத்தோம். 04 என்றால் உள்துளை 20 மில்லிமீட்டர் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கிளப்பில் இருந்தாய் என்று கேட்டேன். கிளப் எல்லாம் இல்லை சார், அப்பா மாட்டுத்தாவணி பக்கம் சைக்கிள், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்றான்.

சம்பளம் சாப்ட்வேர் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துப் பேசினால் அது பொய்.

---

வைகைக்கரை | செவ்வாய் மாலை 6.22

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பீதம்பூர் பற்றியே பேசுகிறோமே! 1912-லேயே டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் பஸ் ஓட்டினார்கள். அந்த வாயுக் கலனை அவருடைய டிவிஎஸ் நிறுவனமே செய்து விற்றது. கிளப் அதை மறுபடி செய்து பார்க்கலாமே. ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின், ஒரு டிரம், அடுப்புக்கரி. பார்க்க ஊரே கூடும்.

---

பொறுப்பாசிரியர் | செவ்வாய் மாலை 7.03

வைகைக்கரை, யோசனை அழகானது, ஆனால் தயவுசெய்து மாணவர்கள் தாங்களாக இறங்க வேண்டாம். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் வருவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும்தான். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலிக்கிறது என்று உட்காருவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். தகரக் கூரை ஷெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் செய்தித்தாளில்தான் பேர் வரும். திறந்த வெளி, வாயு உணரி, பக்கத்தில் அனுபவமுள்ள ஆள், இந்த மூன்றும் இல்லாமல் தொடக் கூடாது.

---

வைகைக்கரை | செவ்வாய் மாலை 7.10

சரி சார், வாபஸ்.

---

லேத்துப்பட்டறை | செவ்வாய் இரவு 9.35

செயலாளர் தம்பி, நான் ஒன்று சொல்கிறேன், செலவில்லாத வேலை. நாலு வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய கிரைண்டர் இருக்கும். சாய்க்கிற கிரைண்டர், பெல்ட் போட்டது. புதுசு வாங்கியதும் மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். அதை வாங்கி வந்து முதல் வருஷப் பிள்ளைகளிடம் கொடு. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிக்கச் சொல்.

மோட்டார் ஏறக்குறைய 1,440 சுற்று என்று தகட்டில் போட்டிருக்கும். பெல்ட் ஓடும் சின்னப் புல்லியையும் (பள்ளச் சக்கரம்) பெரிய புல்லியையும் அளந்து, கல் எத்தனை சுற்று சுற்றும் என்று கணக்குப் போடச் சொல். அப்புறம் மாட்டி ஓடவிட்டு, டிரம்மில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனில் மெதுவான வீடியோ எடுத்து எண்ணச் சொல். கணக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே சண்டை போடட்டும். நீ வாயைத் திறக்காதே.

மாவு போட்டால் இன்னும் குறையும். அரிசி ஊறவைத்து எடுத்துப் போ. சாயங்காலம் தோசைக்கும் ஆச்சு.

---

அரியர்மன்னன் | செவ்வாய் இரவு 9.41

சமோசாவுக்கு மாற்று கிடைத்துவிட்டது.

---

நாகமலை_2015 | செவ்வாய் இரவு 10.12

அண்ணன் சொன்னதுதான் சரி. இன்னொன்றும் செய்யலாம். கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் கேட்டு, அவர் இயந்திரத்தை ஒரு மணி நேரம் பார்க்கவிடச் சொல். ரோலர் இடைவெளி, பல் சக்கரம், கைச் சக்கரம் ஏன் அவ்வளவு கனம் எல்லாம் அதில் இருக்கிறது. காளவாசலில் ஒருவர் பல் உடைந்த கியரோடு இரண்டு வருஷமாக ஓட்டுகிறார். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று சத்தம் வரும்.

நம் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமா? பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலையில் கலந்த ஆர்.வாசுதேவன் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பையில் கிடந்த பொருளைத்தான் அவர் எடுத்தார்.

---

பூரணி_மெக் | புதன் காலை 7.18

கிரைண்டர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆண் பிள்ளைகள் பிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் குறிப்பு எழுதுவார்கள் என்று ஆகிவிடப் போகிறது. ஸ்பேனர் யார் கையில் என்பதைச் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்குங்கள்.

---

மூணாம்வருஷ_மெக் | புதன் இரவு 8.44

எல்லோருக்கும் நன்றி. இன்று நான்காம் வருஷ அண்ணன்களிடம் பேசினேன். கோபப்பட்டார்கள். "கிரைண்டர் ரிப்பேர் பண்ணவா பி.இ. சேர்ந்தோம்?" என்று ஒருவர் கேட்டார். நாகமலை அண்ணனின் காலிப்பர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடைசியில், பாஹாவுக்கு இந்த வருஷம் பதிவு செய்யாமல், விதிப்புத்தகத்தைப் படித்து ஒரு பிரேக் அமைப்பை மட்டும் பலகையில் மாட்டிச் செய்வது என்று முடிவு. மாஸ்டர் சிலிண்டர் பழைய இரும்புக் கடையில் பார்க்கிறோம். ஒர்க்‌ஷாப் அண்ணனும் சனிக்கிழமைக்குச் சம்மதித்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் ஷெட்டைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும்.

கிரைண்டர் மூன்று கிடைத்திருக்கிறது. ஒன்று என் பெரியம்மா வீட்டினுடையது. கெடுத்துவிட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

---

நாகமலை_2015 | புதன் இரவு 9.02

பிரேக் பலகை அருமையான முடிவு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கிக் காற்று எடுங்கள். திறந்து வைத்த பழைய பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நிப்பிள் மேலே இருக்கட்டும்!

---

மூணாம்வருஷ_மெக் | சனி இரவு 9.30

இன்று முதல் நாள். வந்தது 23 பேர், பெண்கள் 6. சீட்டுக் குலுக்கியதில் முதல் ஸ்பேனர் ஒரு முதல் வருஷத் தங்கைக்கு விழுந்தது. துருப்பிடித்த நட்டு அசையவே இல்லை. நான்கு பையன்கள் 'நான் நான்' என்று வந்தார்கள், அவள் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் காத்திருந்து, சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி எடுத்துவிட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றால் தாத்தா என்றாள்.

கிரைண்டர் ஒன்று ஓடிவிட்டது. இரண்டாவது மோட்டாரே போய்விட்டது. மூன்றாவது, பெரியம்மா வீட்டுடையது, மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது. ஓடவும் ஓடுகிறது, ஆனால் மாவு போட்டால் கல் நின்றுவிடுகிறது. மோட்டார் மட்டும் சுற்றுகிறது. பெல்ட்டை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இதே கதை. பெல்ட்டில் இருந்த எண்ணும் அழிந்துவிட்டது.

---

லேத்துப்பட்டறை | சனி இரவு 9.52

பெல்ட்டைக் கழற்று. புல்லிப் பள்ளத்தின் அடியைப் பார். பளபளப்பாக இருக்கிறதா?

---

மூணாம்வருஷ_மெக் | சனி இரவு 10.15

இருக்கிறது அண்ணே. கண்ணாடி மாதிரி.

---

லேத்துப்பட்டறை | சனி இரவு 10.21

அப்படியென்றால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. வி-பெல்ட் இரண்டு பக்கச் சுவரை ஆப்பு மாதிரி பிடித்துத்தான் இழுக்கும், அடியைத் தொடவே கூடாது. நீ எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், பேரிங்தான் சாகும். புதுசு போடு.

பெல்ட்டின் மேல் அகலத்தை அள. தேய்ந்தது சரியாகக் காட்டாது, 13 மில்லிமீட்டருக்குப் பக்கம் என்றால் ஏ வகை, 17 பக்கம் என்றால் பி வகை. வெளிச்சுற்றை நூல் வைத்து அளந்து அங்குலமாக்கு. ஏ என்றால் அதில் 2 அங்குலம் கழித்தால் கடையில் கேட்க வேண்டிய எண். கோச்சடையில் ஃபென்னர்காரர்கள் பெல்ட் செய்கிற ஊரில் உனக்குப் பெல்ட்டா கிடைக்காது!

---

மூணாம்வருஷ_மெக் | சனி இரவு 10.40

மேல் அகலம் 12, வெளிச்சுற்று 34 அங்குலம். ஏ 32. திங்கட்கிழமை வாங்கிவிடுகிறேன். அந்த வாஷரை என்ன செய்வது அண்ணே?

---

லேத்துப்பட்டறை | சனி இரவு 10.44

மறுபடி பிரி.